மைல்டு ஹைபிரிட் டர்போ எஞ்சின்: எஸ்.யூ.வி. வாகனங்களை வந்தடைந்த வரலாறு

மைல்டு ஹைபிரிட் டர்போ எஞ்சின் என்பது டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினுடன் ஒரு சிறிய மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் அமைப்பாகும். டர்போசார்ஜர், புகைக்குழாய் வழியே வீணாகும் வாயுவின் ஆற்றலைப் பயன்படுத்திக் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் செலுத்துகிறது. மின்மோட்டார், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிச் சேமித்து, வண்டி கிளம்பும்போது திருப்பித் தருகிறது. இந்த மோட்டார் பொதுவாகத் தனியாக வண்டியை ஓட்டுவதில்லை. எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. "மைல்டு", அதாவது "மிதமான" என்ற அடைமொழி அதனால்தான் வந்தது.

எடை மிகுந்த எஸ்.யூ.வி. வாகனங்களில் இன்று இந்த அமைப்பு பரவலாகக் காணப்படுகிறது. டர்போசார்ஜரின் வயது நூறாண்டுக்கு மேல். 48 வோல்ட் மின்னமைப்பு கார்களில் பரவியதோ கடந்த பத்தாண்டுகளில்தான். டர்போவுக்குத் தொடக்கம் முதல் இருந்துவந்த ஒரு குறையை மோட்டார் ஈடுசெய்ததே இவ்விரண்டும் ஒன்றுசேரக் காரணம் ஆகும்.

டர்போசார்ஜரின் பிறப்பு

எரிபொருள் எஞ்சினில் எரிந்து உண்டாகும் வெப்ப ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. இந்த இழப்பைப் பயன்படுத்த எண்ணியவர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி (1879–1959). வெளியேறும் வாயுவால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் முறைக்கு அவர் 1905ஆம் ஆண்டு காப்புரிமை கோரினார். அதிகக் காற்று புகுந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம். எஞ்சினின் அளவைக் கூட்டாமலேயே திறன் கூடும். இதுவே அவருடைய கருத்து.

கொதிக்கும் வாயுவின் வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அக்காலத்தில் எளிதாகக் கிடைக்கவில்லை. கருத்து முழுமையாகப் பலன் தர இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுவில் "பிராய்சன்", "ஹான்சஸ்டட் டான்சிக்" என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பியூக்கியின் முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 2,500 குதிரைத்திறன் தந்தது.

இதற்கிடையே வானூர்திகளிலும் இம்முயற்சி நடந்தது. உயரம் செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் வலுவிழக்கும். 1918இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், கொலராடோவில் உள்ள பைக்ஸ் மலை உச்சிக்கு, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஒரு லிபர்ட்டி வானூர்தி எஞ்சினைக் கொண்டு சென்றார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், மலையுச்சியில் டர்போ இல்லாமல் 230 மட்டுமே தந்தது. டர்போவுடன் 356 தந்தது.

காருக்கு வந்தபோது தெரிந்த குறை

கப்பல் எஞ்சினும் வானூர்தி எஞ்சினும் பெரும்பாலும் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுபவை. கார் அப்படியல்ல. நிற்கும், கிளம்பும், மெதுவாகும், மறுபடி சீறும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகையின் அளவு குறைவு. சுழலி விரைவாகச் சுழலாது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், புகை பெருகிச் சுழலி வேகமெடுத்த பின்னரே திறன் வரும். இந்த இடைவெளியே டர்போ தாமதம் எனப்படுகிறது.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் மான்சா ஸ்பைடர் ஆகிய இரு கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயரில் எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் பலர் அதை ஊற்ற மறந்தனர். பின்னாளில் பல வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்த நேர்ந்தது. 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, அதே ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் சிக்கி விரைவில் நிறுத்தப்பட்டது.

எரிபொருள் சிக்கனத்துக்கான கருவியாக டர்போவை நிலைநிறுத்தியவை டீசல் கார்களே. 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. டர்போ டீசலுடன் வந்தது. 1980களில் மிட்சுபிஷி பஜேரோ, ரேஞ்ச் ரோவர் போன்ற நாற்சக்கர இயக்க வண்டிகளிலும் டர்போ டீசல் இடம்பெற்றது. சுழலியைச் சுற்றியுள்ள இதழ்களின் கோணத்தை மாற்றி, குறைந்த புகையிலும் வேகத்தைப் பெறும் மாறுவடிவ டர்போ பின்னர் பரவியது. தாமதம் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

சிறிய எஞ்சின், பெரிய வண்டி

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய விதி, 2015க்குள் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் கிலோமீட்டருக்கு 130 கிராமாகக் குறைய வேண்டும் என்றது. அடுத்த இலக்கு 95 கிராம். அது 2020–21இல் முழு நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தின் சராசரி இலக்கைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் கட்ட வேண்டும்.

நிறுவனங்கள் முதலில் கண்ட வழி எஞ்சினைச் சிறிதாக்கி டர்போவைப் பொருத்துவது. ஃபோர்டு நிறுவனத்தின் 1 லிட்டர், மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் வண்டியிலும் 2013இல் இது வந்தது.

அதே காலத்தில் மக்களின் விருப்பம் எதிர்த்திசையில் சென்றது. உயரமான, அகலமான, எடை கூடிய எஸ்.யூ.வி. வண்டிகள் உலகெங்கும் விற்பனையில் முன்னேறின. வண்டி கனக்கக் கனக்க, கிளம்பும் கணத்தில் சிறிய எஞ்சின் திணறும். டர்போ தாமதம் அங்கேதான் அதிகம் உறுத்தும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி வெளியானபின் டீசல் மீதான நம்பிக்கையும் சரிந்தது. எடை கூடிய வண்டியைக் குறைந்த எரிபொருளில், தாமதமின்றி நகர்த்த வேறு துணை தேவைப்பட்டது.

12லிருந்து 48 வோல்ட்டுக்கு

அந்தத் துணை மின்மோட்டார். எஞ்சினுக்கு எங்கே பலவீனமோ, அங்கே மோட்டாருக்குப் பலம்: நின்ற நிலையிலிருந்தே அது முழு முறுக்குவிசையையும் தரவல்லது. டொயோட்டா பிரியஸ் 1997இல் ஜப்பானில் வெளிவந்தபோதே மின்மோட்டாரும் எஞ்சினும் கூட்டாக இயங்க முடியும் என்பது நிரூபணமானது. ஆனால் உயர் மின்னழுத்தமும் பெரிய பேட்டரியும் கொண்ட அம்முறை செலவு மிகுந்தது.

வழக்கமான 12 வோல்ட் மின்னமைப்பால் ஏன் முடியாது என்பதை ஒரு கணக்கு காட்டும். 12 கிலோவாட் மோட்டாரை 12 வோல்ட்டில் இயக்க 1,000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 48 வோல்ட்டில் 250 ஆம்பியர் போதும். மின்னோட்டம் நான்கில் ஒன்றாகும்போது, அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் பதினாறில் ஒன்றாகும். 60 வோல்ட்டுக்கு உட்பட்ட நேர்மின்னழுத்தம் தொட்டால் பேராபத்து விளைவிக்காது என்று தரவிதிகள் கருதுவதால், உயர் மின்னழுத்த ஹைபிரிட்டுக்குத் தேவையான காப்பு ஏற்பாடுகளும் வேண்டியதில்லை. 48 என்ற எண் தெரிவானதற்கு இவ்விரண்டுமே அடிப்படை.

முன்னோடி முயற்சிகளும் இருந்தன. 2001இல் டொயோட்டா கிரவுன் காரில் 36 வோல்ட் பேட்டரியுடன் ஒரு மைல்டு ஹைபிரிட் வந்தது. 2006இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சாட்டர்ன் வியூ என்ற எஸ்.யூ.வி.யில் அதே 36 வோல்ட் அளவில், பெல்ட் வழியாக எஞ்சினுடன் இணையும் மோட்டாரைப் பொருத்தியது. அதில் டர்போ இல்லை. 2011இல் ஆடி, பி.எம்.டபிள்யூ., டைம்லர், போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் ஆகிய ஐந்து ஜெர்மானிய நிறுவனங்கள் 48 வோல்ட் அமைப்புக்குப் பொதுத்தரம் வகுக்க உடன்பட்டபின் பாதை தெளிவானது.

டர்போவும் மோட்டாரும் சேர்ந்த கட்டம்

2016இல் வந்த ஆடி எஸ்க்யூ7 டி.டி.ஐ. இந்த வரலாற்றில் ஒரு மைல்கல். இரு டர்போக்கள் கொண்ட 4 லிட்டர், எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு, 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஓர் அமுக்கியும் அதில் சேர்க்கப்பட்டது. புகைக்காகக் காத்திராமல், கால் வினாடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்று என்ற வேகத்தை அது எட்டியது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றே சுழலும் நிலையில் 900 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்தது. டர்போ தாமதத்துக்கு மின்சாரம் தந்த நேரடி விடை இது.

2017இல் மெர்சிடிஸ் பென்ஸ் அறிமுகப்படுத்திய எம்256 என்னும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், 16 கிலோவாட் மோட்டார் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே அமைந்தது. குளிர்சாதன அமுக்கியும் நீர் பம்பும் மின்சாரத்துக்கு மாறியதால், எஞ்சினின் முன்பக்கப் பெல்ட்டே தேவையற்றுப்போனது. இந்த எஞ்சின் பின்னர் ஜி.எல்.இ. எஸ்.யூ.வி.யில் இடம்பெற்றது. 2008 முதல் டாட்டா மோட்டார்ஸ் உடைமையாக உள்ள லேண்ட் ரோவர், 2018இல் வெளியிட்ட புதிய இவோக் வண்டியில் 48 வோல்ட் அமைப்பைத் தந்தது. பிரேக் பிடித்து வேகம் 17 கிலோமீட்டருக்குக் கீழ் வரும்போதே அதன் எஞ்சின் நின்றுவிடும்.

ஃபோர்டு 2019இல் வெளியிட்ட பூமா என்ற சிறிய எஸ்.யூ.வி. வகை வண்டியில், முன்னர் குறிப்பிட்ட அதே 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினோடு 11.5 கிலோவாட் மோட்டார் சேர்ந்தது. கிளம்பும் கணத்தை மோட்டார் பார்த்துக்கொள்வதால், பெரிய டர்போவைப் பொருத்தப் பொறியாளர்களுக்குத் துணிவு வந்தது. பெரிய டர்போ தாமதமாக விழிக்கும். ஆனால் விழித்தபின் அதிகத் திறன் தரும். இவ்வாறு 155 குதிரைத்திறன் வரை ஒரு லிட்டர் எஞ்சினிலிருந்து பெறப்பட்டது. எஞ்சினின் மேல் ஒட்டவைத்த கருவியாக மோட்டார் நிற்கவில்லை, எஞ்சினின் வடிவமைப்பையே மாற்றியது என்பதற்கு இது சான்று.

இன்று மூன்று வகை அமைப்புகள் வழக்கில் உள்ளன:

1. பெல்ட் வழி மோட்டார்: பழைய ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் அமையும். செலவு குறைவு என்பதால் பெரும்பாலான வண்டிகளில் காணப்படுவது இதுவே.
2. தண்டோடு இணைந்த மோட்டார்: எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே அமையும். திறன் அதிகம், செலவும் அதிகம்.
3. மின் அமுக்கி அல்லது மின் டர்போ: மோட்டார் காற்றையே நேரடியாக அமுக்கும். டர்போவின் தண்டிலேயே சிறு மோட்டாரைப் பொருத்தும் முறையை மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. 2022இல் விற்பனைக் கார்களில் கொண்டுவந்தது, ஜி.எல்.சி. 43 எஸ்.யூ.வி.யிலும் அது உள்ளது. முதல் இரு வகைகளில் ஒன்றுடன் சேர்ந்தே இது வருவது வழக்கம்.

எவ்வளவு மிச்சமாகும்?

2,000 கிலோ எடையுள்ள எஸ்.யூ.வி. ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 400 கிலோஜூல். பத்து வினாடியில் அதை நிறுத்தினால், சராசரியாக 40 கிலோவாட் வீதம் ஆற்றல் வெளிப்படும். மைல்டு ஹைபிரிட்டின் மோட்டார் 12 கிலோவாட் வரைதான் வாங்கிக்கொள்ளும் என்றால், மீட்கக்கூடியது அதிகபட்சம் 120 கிலோஜூல். மீதி பிரேக்கில் வெப்பமாகிப் போகும். மீட்ட ஆற்றலின் மதிப்பு, பெட்ரோல் கணக்கில் ஏறத்தாழ 12 மில்லிலிட்டர். இரண்டு தேக்கரண்டியைவிடச் சற்று அதிகம்.

வேகம் 36 கிலோமீட்டராக இருந்தால் இயக்க ஆற்றல் நான்கில் ஒன்றாக, 100 கிலோஜூலாகக் குறையும். அதே பத்து வினாடியில் நிறுத்தினால் 10 கிலோவாட் வீதமே வெளிப்படுவதால், கொள்கையளவில் பெரும்பகுதியை அந்தச் சிறிய மோட்டாரே வாங்கிக்கொள்ள முடியும். நகர நெரிசலில் மைல்டு ஹைபிரிட் பயன்தருவதும், நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும்போது அதன் பயன் மங்குவதும் இதனால்தான். நிறுவனங்கள் கூறும் எரிபொருள் சேமிப்பும் பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டிலேயே நிற்கிறது.

இந்தியாவில் பெயர் எழுப்பிய கேள்வி

இந்தியாவில் நடுவண் அரசு 2015 ஏப்ரலில் மின் வாகனங்களையும் ஹைபிரிட் வாகனங்களையும் ஊக்குவிக்க ஃபேம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மைல்டு ஹைபிரிட்டுக்கும் அதில் மானியம் உண்டு. அதே ஆண்டு மாருதி சுசுகி, எஸ்.எச்.வி.எஸ். என்ற பெயரில் 12 வோல்ட் மைல்டு ஹைபிரிட் அமைப்பை சியாஸ், எர்டிகா ஆகியவற்றின் டர்போ டீசல் வகைகளில் தந்தது. 2016இல் மகிந்திரா நிறுவனம் ஸ்கார்ப்பியோ எஸ்.யூ.வி.யின் 2.2 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினோடு "இன்டெல்லி ஹைபிரிட்" அமைப்பைச் சேர்த்து, 7 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்றது.

விரைவில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. மின்சாரத்தில் ஒரு மீட்டர்கூடத் தனியாக ஓடாத டீசல் வண்டிக்கு, மின் வாகனங்களுக்கென ஒதுக்கிய மக்கள் பணத்தை அளிக்கலாமா என்பதே கேள்வி. 2017 ஏப்ரல் 1 முதல் மைல்டு ஹைபிரிட் வாகனங்கள் ஃபேம் மானியத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் அதே மாதத்தில்தான் நிறுவனச் சராசரி எரிபொருள் விதிகளும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. மானியம் போனாலும் தொழில்நுட்பம் போகாமல் இருந்ததற்கு இவ்விதிகளும் ஒரு காரணம்.

2019இல் வந்த எம்.ஜி. ஹெக்டர், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு 48 வோல்ட் அமைப்பைத் தந்தது. 2023இல் மாருதி ஃபிராங்க்ஸின் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் வகை, 12 வோல்ட் அமைப்புடன் வந்தது. சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் கட்டமைக்கப்படும் எக்ஸ்5, எக்ஸ்7 வண்டிகளிலும் அதே ஆண்டு 48 வோல்ட் அமைப்பு இடம்பெற்றது. 2025இல் டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டர்போ டீசலும் இவ்வரிசையில் சேர்ந்தது.

மதிப்பீடு

மைல்டு ஹைபிரிட் என்ற பெயரில் 12 வோல்ட் அமைப்பும் 48 வோல்ட் அமைப்பும் ஒன்றாகவே விற்கப்படுகின்றன. நகரச் சாலையில் கணிசமான தொலைவை மின்சாரத்தில் மட்டுமே கடக்கும் முழு ஹைபிரிட்டும் விளம்பரத்தில் அதே "ஹைபிரிட்" என்ற சொல்லைப் பகிர்ந்துகொள்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு, மோட்டாரின் திறன் எத்தனை கிலோவாட், எஞ்சின் இன்றி வண்டி நகருமா ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், ஒரு வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பது விளங்கிவிடும்.

பொறியியல் நோக்கில் இது ஒரு வெற்றியே. பியூக்கியின் காலம் முதல் தொடர்ந்த டர்போ தாமதத்தை 48 வோல்ட் மோட்டார் பெருமளவு போக்கியிருக்கிறது. சுற்றுச்சூழல் நோக்கில் கணக்கு வேறு. ஒருவர் 1,200 கிலோ காரை விட்டு 1,800 கிலோ எஸ்.யூ.வி.யை வாங்கினால், அந்தக் கூடுதல் 600 கிலோவை நகர்த்தச் செலவாகும் எரிபொருளை மைல்டு ஹைபிரிட் தரும் சேமிப்பு ஈடுகட்டுவது அரிது. எடை கூடிய வண்டியின் செலவை அது ஓரளவு குறைக்கிறது; எடையைக் குறைப்பதில்லை.